நாடாளுமன்றத்தில இருக்கிற 225 பேருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்,

நான் கிளிநொச்சிப் பக்கம் வயல் செய்யிற குடும்பத்துப் பிள்ளை, எந்தக் கட்சியிலயும் இல்லை. அடுத்த தேர்தலுக்கு விஞ்ஞாபனம் எழுத முதல் 2019 ஜனாதிபதித் தேர்தலை ஒருக்கா திரும்பிப் பாருங்கோ எண்டு கேக்கத்தான் இதை எழுதுறன்.

அப்ப சனத்துக்குக் கோவம் இருந்தது, அதை நான் பிழையெண்டு சொல்லமாட்டன். சாமான் விலை ஏறிக்கொண்டே போகுது, வரியும் கூட, அதுக்குமேல ஈஸ்டர் குண்டுவெடிப்போட சுற்றுலாவும் படுத்திட்டுது, ஹோட்டல் வேலைக்குப் போன பெடியள் வீட்டில வந்து குந்தியிருந்தாங்கள். அந்த நேரம் நாட்டையும் காப்பாத்துறன் வரியையும் குறைக்கிறன் எண்டு கோத்தபாய ராஜபக்ச வந்து நிண்டால் சனம் வாக்குப் போடாமல் என்ன செய்யும், 69 லட்சம் பேர் போட்டவை. டிசம்பர் 1ம் திகதியே வற் எண்ட பெறுமதி சேர் வரி 15 வீதத்தில இருந்து 8 வீதமாச்சு, அதுக்குப் பிறகு சம்பளத்தில கழிக்கிற வரியும் போச்சு, வருசத்துக்கு 30 கோடிக்குக் கீழ வியாபாரம் செய்யிறவைக்கு வற்றே தேவையில்லை எண்டாச்சு, முந்தி அந்த எல்லை 1 கோடி 20 லட்சம். குறையிற காசுக்கு என்ன வழி எண்டு ஆரும் கணக்குக் காட்டேல்ல. தேர்தல் நேரம் நிதியமைச்சரா இருந்த மங்கள சமரவீர முதலே எச்சரிச்சவர், ஆர் கேட்டது? பிறகு கொரோனா, வெளியில கடன் தாறவன் கையை விரிச்சிட்டான், மத்திய வங்கி காசை அடிச்சுத் தள்ளினது, டொலர் முடிஞ்சுது.

உரக்கதையைத்தான் என்னால மறக்கேலாது. பத்து வருசத்தில இயற்கை விவசாயத்துக்கு மாறுவம் எண்டு விஞ்ஞாபனத்தில இருந்ததை விட்டிட்டு, 2021ல இரசாயன உரத்துக்கு ஒரேயடியாத் தடை போட்டாங்கள். அந்தக் காலபோக நெல் விளைஞ்ச நேரம் அப்பா வரம்பில நிண்டு ஒரு கதிரை உருவி உள்ளங்கையில வைச்சுக் கசக்கி ஊதிப் பாத்தார், பாதிக்கு மேல பறந்திட்டுது, அவ்வளவும் சப்பை. ஒண்டும் கதைக்கேல்ல, மிஞ்சினதை வாயில போட்டுக் கடிச்சுக்கொண்டு வீட்ட வந்திட்டார். நவம்பரில தடையை எடுத்தாலும் யூரியா இல்லை, அடுத்த வருசம் வந்தபோது ஒரு அந்தர், அதாவது 50 கிலோ மூட்டை, 40,000 ரூபா கேட்டாங்கள்.

2022 ஏப்ரலில கடனைக் கட்டேலாது எண்டு அரசாங்கமே சொல்லிட்டுது. செப்டம்பரில பணவீக்கம் 70 வீதம். உலக வங்கிக் கணக்கில வறுமை ஒரே வருசத்தில 13 வீதத்தில இருந்து 25 வீதத்துக்குப் போச்சு. இப்ப அதே வற் 18 வீதம், ட்ரக்டருக்கு அடிக்கிற டீசலிலயும் அம்மா சமைக்கிற காஸிலயும் அது இருக்கு. வரிக்குறைப்பில கூடுதலா லாபப்பட்டது பெரிய வருமானக்காரர், பில்லைக் கட்டுறது எங்கட வீடு.

கணக்குக் காட்டாமல் வாக்குறுதி குடுக்கிறது ராஜபக்சாக்களோட வந்த வருத்தம் மட்டும் இல்லை. 1970ல சந்திரனில இருந்தெண்டாலும் அரிசி கொண்டுவந்து தருவம் எண்ட சிறிமாவோ பண்டாரநாயக்காவின்ர மேடைப்பேச்சை எங்கட அப்பப்பா சாகும்வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தவர்.

அதால ஒண்டே ஒண்டு கேக்கிறன். அரசாங்கத்தின்ர வரவு செலவைக் கட்சி சாராமல் கணக்குப் பாக்கிற நாடாளுமன்ற பட்ஜட் அலுவலகத்துக்கு 2023லயே சட்டம் போட்டாச்சு. அதுக்கு ஆளும் காசும் குடுத்து, ஆளுங்கட்சியோ எதிர்க்கட்சியோ தலையிடாமல் விடுங்கோ. வரி குறைப்பம், உரம் சும்மா தருவம், சம்பளம் கூட்டுவம் எண்டு எந்தக் கட்சி சொன்னாலும் அதுக்கு எவ்வளவு காசு செலவாகும், அந்தக் காசு ஆரிட்ட இருந்து வரும் எண்டு வாக்குப்போட ஒரு மாதம் முதலே சிங்களத்திலயும் தமிழிலயும் அச்சடிச்சு ஊர் ஊரா ஒட்டச் சொல்லுங்கோ. எங்கட கமக்கார அமைப்புக் கட்டடத்துச் சுவரில இடம் இருக்கு.