அளந்த பின் அனுமதியுங்கள்: ஐ.நா. விண்வெளிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு,

கிளிநொச்சியில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியராகவும், இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் குடும்பத்தில் ஒருவராகவும் இம்மடலை உங்கள் முன் வைக்கிறேன்.

விண்வெளிவரை சென்று, விமானம் போல ஓடுபாதையில் இறங்கும் விண்விமானங்களை நான் எதிர்க்கவில்லை. விண்வெளி நிலையத்துக்குப் பொருள் கொண்டுசெல்லவென உருவாக்கப்படும் ட்ரீம் சேசர், அங்கு செய்த பரிசோதனைகளை அதிக அதிர்வின்றி ஓடுபாதையில் கொண்டுவந்து இறக்கும் நோக்குடையது என்று வகுப்பில் சொன்னபோது, மணியடித்த பின்னும் பிள்ளைகள் எழும்பவில்லை.

என் கவலை, அவற்றின் இயந்திரப் புகையிலுள்ள கரியைப் பற்றியது. 2023 யூன் மாதம் வணிகப் பறப்பைத் தொடங்கிய வேர்ஜின் கலக்டிக் நிறுவனத்தின் 'யூனிற்றி' என்ற பயணிகள் விண்விமானம், இறப்பர் வகைத் திண்ம எரிபொருளை எரித்தது. தாய்விமானத்திலிருந்து ஏறத்தாழ 14 கிலோமீற்றர் உயரத்தில் பிரிந்தபின் ஒரு நிமிடமளவு எரிந்த அதன் இயந்திரம், புகையின் பெரும்பகுதியை, மழைமேகங்களுக்கு மேலே ஓசோன் நிறைந்துள்ள படைமண்டலத்திலேயே விட்டது. வீதியோரம் ரயர் எரிந்து எழும் கரியை மழை கழுவிவிடும். படைமண்டலத்தில் மழை இல்லாததால், அங்கு சேரும் கரி ஆண்டுக்கணக்கில் தங்கி வெயிலை உறிஞ்சுகிறது. ஆண்டுக்கு 1000 பறப்புகள் என வைத்து 2010இல் வெளியான ஆய்வு, அந்தக் கரி வெப்பமண்டல ஓசோனைக் குறைத்து, முனைவுப் பகுதிகளின் வெப்பநிலையையும் மாற்றும் என்று காட்டியது. யூனிற்றி 2024இல் ஓய்வு பெற்றுவிட்டது. ஆயினும் இன்னும் அடிக்கடி பறக்கும் கலங்களை அதே நிறுவனம் கட்டுகிறது.

அந்நிறுவனத்தின் பறப்பில் ஓர் ஆசனம் 450,000 டொலருக்கு விற்கப்பட்டது. அந்த ஆசனத்தில் எங்கள் ஊரார் எவரும் இருக்கப்போவதில்லை, ஆனால் வானம் பொது. 2018 டிசெம்பர் வெள்ளத்தில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது மூழ்கிய வயல்களைக் கண்டவன் நான். அதற்கு விண்விமானங்கள் காரணமென்று சொல்ல வரவில்லை. காலநிலை சற்றுப் பிசகினாலும் முதலில் இழப்பது நாங்கள் என்பதையே சொல்கிறேன்.

சிறுபோகத்துக்கு முன் குளத்து நீர்மட்டத்தைப் பார்த்த பின்னரே, எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கமக்காரர் கூட்டத்தில் முடிவாகும். நீரை அளக்காமல் ஒருவர் தன் விருப்பப்படி வாய்க்காலைத் திறந்தால் கடைசி வயல் காயும். ஓசோனைக் காக்க 1987இல் கையெழுத்தான மொன்றியல் உடன்படிக்கை ஏவுகலப் புகையைக் கட்டுப்படுத்துவதில்லை. ஆகவே, ஒவ்வொரு வகை இயந்திரமும் படைமண்டலத்தில் விடும் கரியைச் சுயாதீனமாக அளந்து வெளியிடுவதையும், அவ்வளவைக் கொண்டே ஆண்டுக்கான பறப்புகளின் எண்ணிக்கையை வரையறுப்பதையும் அனுமதியின் நிபந்தனையாக்குமாறு உறுப்பு நாடுகளிடம் நீங்கள் கோர வேண்டும். ஐதரசன் எரிக்கும் இயந்திரங்கள் கரி விடுவதில்லை. அவ்வழியில் முயல்வோருக்கு முன்னுரிமை கொடுங்கள்.

இப்படிக்கு,
கிளிநொச்சியிலிருந்து ஓர் ஆசிரியர்