அரபு நாடுகளின் போர் மரணங்களும் அவற்றை எண்ணும் ஆய்வுகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காஸா குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையில், அங்கு இறந்தோர் தொகையாக ஒரே பத்தியில் மூன்று வெவ்வேறு எண்கள் தரப்பட்டு, அவற்றின் உண்மைத்தன்மையை உறுதிசெய்ய இயலவில்லை என்ற ஒற்றை வரியுடன் பேச்சு முடிந்திருந்தது. அவற்றுள் ஒன்று, காஸா சுகாதார அமைச்சகம் பதிவு செய்த தொகை. மற்றொன்று, பட்டியல்களை ஒப்பிட்டுக் கணித முறையில் பெறப்பட்ட மதிப்பீடு. மூன்றாவதான 1,86,000 என்பது, 2024 ஜூலையில் ‘தி லான்செட்’ மருத்துவ இதழுக்கு மூவர் எழுதிய கடிதத்தில் வந்த ஒரு கணக்கு: நேரடியாக இறக்கும் ஒருவருக்குப் பசி, நோய், சிகிச்சையின்மை ஆகியவற்றால் நால்வர் இறப்பர் என்று வைத்துக்கொண்டு, அப்போதைய அமைச்சகத் தொகையைப் பெருக்கிப் பெற்றது. அது அதுவரை இறந்தவர்களின் எண்ணிக்கையும் அன்று. லான்செட் நடத்திய ஆய்வும் அன்று. இம்மூன்றையும் ஒரே தரத்தினவாக அடுக்கினால், வாசகர் மூன்றையும் நம்பாமல் விடுவார், அல்லது தம் அரசியல் சார்புக்கு ஏற்றதைத் தேர்ந்துகொள்வார்.

மருத்துவக் கல்லூரியில் புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். மருத்துவம், பயன்பாட்டுக் கணிதம், கணினியியல், அரபு அரசியல் ஆகிய நான்கும் கைகோத்தால் மட்டுமே நடக்கக்கூடிய ஒரு துறை, சென்ற இருபது ஆண்டுகளில் ஈராக்கிலும் சிரியாவிலும் காஸாவிலும் வளர்ந்திருக்கிறது. அதன் முடிவுகளை எப்படிப் படிக்க வேண்டும் என்று தமிழ் வாசகருக்குச் சொல்லித் தரும் பொறுப்பு நாளிதழ்களுக்கு உண்டு என்பதே என் வேண்டுகோளின் சாரம்.

ஈராக்கிலிருந்து தொடங்குகிறேன். 2004 செப்டம்பரில் அமெரிக்க, ஈராக்கிய மருத்துவ ஆய்வாளர்கள் அந்நாட்டில் 33 இடங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, ஒவ்வோரிடத்திலும் அடுத்தடுத்த 30 வீடுகளின் (இவ்வீட்டுக் கூட்டத்தைத் தொகுதி என்பர்) கதவைத் தட்டினார்கள். 2002 ஜனவரியில் இந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள், அதன் பின் யார் பிறந்தார்கள், யார் இறந்தார்கள், எப்படி இறந்தார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். அமெரிக்கா தலைமையில் 2003இல் நடந்த படையெடுப்புக்கு முந்தைய இறப்பு வீதத்தையும் பிந்தையதையும் ஒப்பிட்டு, ஏறத்தாழ 98,000 மிகை இறப்புகள் (பழைய வீதம் நீடித்திருந்தால் நேர்ந்திருக்காதவை) நேர்ந்திருக்கலாம் என்றார்கள். வன்முறை இறப்புகளில் மூன்றில் இரண்டு பங்கு பல்லூஜா நகரின் ஒரே ஒரு தொகுதியில் பதிவானதால், அது முடிவைத் திரித்துவிடக் கூடாது என்று அந்நகரை இந்தக் கணக்கிலிருந்தே நீக்கிவிட்டார்கள். இருந்தும், நம்பிக்கை இடைவெளி (உண்மை எண் அடங்கியிருக்கக்கூடிய எல்லை) 8,000 முதல் 1,94,000 வரை என்று அவர்கள் நேர்மையாக எழுதியதைப் பிடித்துக்கொண்டு, இது குத்துமதிப்பு என்று மேலைப் பத்திரிகைகள் சில எள்ளின. அந்த இடைவெளியின் இரு முனைகளும் அதன் நடுப்பகுதியும் சம வாய்ப்புடையவை அல்ல என்பது, முதலாண்டு மாணவருக்குச் சொல்லித் தரும் பாடம்.

அவர்களில் சிலர் ஈராக்கிலேயே நடத்திய 2006ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் பெரிய புயலைக் கிளப்பியது. 47 தொகுதிகள், 1,849 குடும்பங்கள், 629 இறப்புகள். 545 இறப்புகளுக்குச் சான்றிதழ் கேட்டார்கள். 501 இறப்புகளுக்கு உறவினர் எடுத்துக் காட்டினார்கள். முடிவு, 6,54,965 மிகை இறப்புகள். அது நம்பத்தக்க அறிக்கை அன்று என்று அமெரிக்க அதிபர் புஷ் ஒதுக்கினார். பிரிட்டன் அரசும் வெளியே அதே தொனியில் பேசியது. ஆனால் அதன் பாதுகாப்புத் துறை அறிவியல் ஆலோசகரே ஆய்வின் முறை உறுதியானது என்று உள்குறிப்பு எழுதியிருந்தது பின்னர் வெளிவந்தது.

அதே சமயம், அந்த ஆய்வின் மீது துறைக்குள்ளிருந்தே எழுந்த கேள்விகளையும் மறைக்கக் கூடாது. சோதனைச் சாவடிகளில் ஜிபிஎஸ் கருவியுடன் பிடிபட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால், இம்முறை கருவியைக் கைவிட்டு, முக்கியச் சாலைகளைக் குறுக்கிடும் தெருக்களிலிருந்து வீடுகளைத் தேர்ந்தார்கள். குண்டுகள் அதிகம் வெடிப்பது அத்தகைய சாலைகளை ஒட்டியே என்பதால் தொகை ஊதிப் பெருத்திருக்கும் என்று பொருளியலாளர் மைக்கேல் ஸ்பகாட்டும் இயற்பியலாளர் நீல் ஜான்சனும் பிறரும் வாதிட்டார்கள். ஈராக் சுகாதார அமைச்சகமும் உலகச் சுகாதார அமைப்பும் 9,345 குடும்பங்களில் எடுத்த கணக்கு, ஏறத்தாழ அதே காலத்துக்கு 1,51,000 வன்முறை இறப்புகளே என்றது. ஆனால் அதிலும், கலவரம் மிகுந்த 115 தொகுதிகளுக்குள் கணக்கெடுப்போர் செல்லவே முடியவில்லை. அந்த இடைவெளியைச் செய்தி அறிக்கைகளின் விகிதத்தை வைத்து நிரப்பினார்கள். அரசு ஊழியர் வந்து கேட்கும்போது, என் மகனைக் கொன்றவர்கள் ஆயுதக் குழுவினர் என்று எந்தத் தாய் மனம் திறந்து சொல்வாள் என்ற கேள்வியும் உண்டு. தெருவைத் தேர்வது கணிதச் சிக்கல். அந்தத் தெருவுக்குள் யார் நுழைய முடியும், யாரிடம் என்ன சொல்லப்படும் என்பது அரபு அரசியல். ஒன்றை விட்டு மற்றொன்றைத் தீர்க்க முடியாது.

அரசியல் எண்ணுக்குள்ளேயே புகுந்துவிட்ட கதையும் ஈராக்கிலேயே உண்டு. 1990இல் ஐ.நா. விதித்த பொருளாதாரத் தடைகளால் ஐந்து லட்சம் குழந்தைகள் இறந்தனர் என்ற கூற்று தமிழ் மேடைகளிலும் பல ஆண்டுகள் ஒலித்தது. அதற்கு வலுச் சேர்த்த 1999 யுனிசெஃப் ஆய்வு, சதாம் உசேன் அரசின் ஊழியர்கள் களத்தில் திரட்டிய தரவுகளைக் கொண்டது. 2003க்குப் பின் நடந்த ஆய்வுகள் எதிலும் அத்தகைய பெரும் ஏற்றம் தென்படவில்லை. அரசே தரவுகளைத் திருத்தியிருந்தது என்று மக்கள்தொகையியல் அறிஞர்கள் டிம் டைசனும் வலேரியா செட்டோரெல்லியும் 2017இல் எழுதினார்கள். தடைகளால் ஈராக்கிய மக்கள் பட்ட பாடு பொய்யன்று. ஆயினும் அந்த எண்ணை நானும் நீங்களும் இன்று மேற்கோள் காட்டக் கூடாது. ஒரு தரப்பின் எண்ணைக் கேள்வி கேட்பவர் அத்தரப்பின் துன்பத்தை மறுப்பவர் என்று கருதும் பழக்கம் நம்மிடையே வேரோடியிருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சிரியாவில் வீடு வீடாகச் செல்வதற்கே வழியில்லை. அங்கே உயிரைப் பணயம் வைத்துப் பட்டியல் எழுதியவர்கள் இருந்தார்கள். அத்தகைய ஆவணக் குழு ஒன்றை நிறுவிய வழக்கறிஞர் ரஸான் ஸைத்தூனே 2013 டிசம்பரில் தூமா நகரில் கடத்தப்பட்டார். அவர் கதி என்னவாயிற்று என்பது இன்றளவும் தெளிவாகவில்லை. இக்குழுக்களின் பட்டியல்களையும் அரசுப் பட்டியலையும், ஐ.நா. மனித உரிமை அலுவலகத்துக்காக, மனித உரிமைத் தரவுப் பகுப்பாய்வுக் குழு என்ற அமெரிக்க நிறுவனம் ஒன்றுசேர்த்தது. பெயர், நாள், இடம் மூன்றும் உள்ள 3,18,910 பதிவுகள் கிடைத்தன. ஒருவரே இரண்டு மூன்று பட்டியல்களில் இடம்பெற்றிருக்கலாம் என்பதால், ஒவ்வொரு பதிவையும் மற்றெல்லாவற்றுடனும் ஒப்பிட வேண்டும் என்றால் 5,000 கோடிக்கும் மேற்பட்ட இணைகள் வருகின்றன. மனிதரால் ஆகாத காரியம்.

கணினிக்கும் அது எளிதன்று. அரபு எழுத்தில் குறில் உயிரொலிகள் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. ஒருவரைச் சொந்தப் பெயர், தந்தை பெயர், பாட்டனார் பெயர், குடும்பப் பெயர் என்று ஒரு பட்டியல் வரிசையாக எழுதும். மற்றொன்று முதலையும் கடைசியையும் மட்டும் எழுதும். வேறொன்று, மூத்த மகன் பெயரை வைத்து ‘அபூ’ (இன்னாரின் தந்தை) என்று அழைக்கும் வழக்கப்படியே குறித்திருக்கும். இறந்த ஊரைப் பதிவதா, சொந்த ஊரைப் பதிவதா என்பதிலும் ஒழுங்கில்லை. எனவே அரபு அறிந்தவர்கள் சில ஆயிரம் இணைகளைக் கையால் பார்த்து, ஒரே ஆள், வேறு ஆள் என்று குறித்துத் தர, அவற்றிலிருந்து கணினி கற்றுக்கொண்டு மிச்சத்தை முடிவு செய்தது. 2011 மார்ச் முதல் 2014 ஏப்ரல் வரை பெயர் தெரிந்து இறந்தவர்கள் 1,91,369 பேர் என்ற முடிவு இப்படித்தான் வந்தது. விவரம் போதாத 51,953 பதிவுகள் சேர்க்கப்படவே இல்லை. 2018இல் ரைஸ், டியூக் பல்கலைக்கழகங்களின் கணினியியலாளர்களும் புள்ளியியலாளர்களும், ஒத்த பதிவுகளை மட்டும் விரைவாக ஒரே கூடைக்குள் திரட்டும் வேறொரு வழியில் கணக்கிட்டு, 1,91,874 என்ற மிக நெருங்கிய எண்ணை எட்டினார்கள்.

ஆனால் இவை பட்டியலில் ஏறியவர்கள் மட்டுமே. எந்தப் பட்டியலிலும் ஏறாதவர்களைக் கண்டறியும் கணிதத்தின் தொடக்கத்தில் ஓர் இந்தியர் பெயர் இருக்கிறது. 1949இல் சி. சந்திரசேகர் என்ற அறிஞரும் அமெரிக்கரான டெமிங்கும், கொல்கத்தாவை அடுத்த சிங்கூர்ப் பகுதியின் பிறப்பு இறப்புத் தரவுகளைக் கொண்டு இம்முறையை விளக்கினார்கள். ஒரு பட்டியலில் 300 பெயர், இன்னொன்றில் 200, இரண்டிலும் உள்ளவை 100 என்று கொள்வோம். இரண்டாவது பட்டியலில் பாதிப்பேரையே முதலாவது பிடித்திருக்கிறது. ஆகவே மொத்தத்திலும் அது பாதியைத்தான் பிடித்திருக்கும் என்று கொண்டால் இறந்தோர் 600 பேர். பெயர் தெரிந்தவர்கள் 400 பேர்தான். எஞ்சிய 200 பேர் எங்குமே பதிவாகாதவர்கள்.

இரு பட்டியல்களும் ஒன்றையொன்று சாராதவையாக இருந்தால்தான் இக்கணக்கு செல்லும். ஒரு குழு மற்றதைப் பார்த்து எழுதியிருந்தால் பொதுப் பெயர்கள் கூடிவிடும். விடை உண்மையைவிடக் குறைந்துவிடும். ஒன்று அரசுப் படையினரையும் மற்றொன்று கிளர்ச்சியாளர் பகுதியினரையுமே எழுதியிருந்தால் பொதுப் பெயர்கள் அருகிவிடும், விடை வீங்கிவிடும். யார் பட்டியலை யார் பார்க்கிறார்கள், எந்த ஊர் யார் கையில் இருந்தது என்று அறியாமல் இந்தச் சூத்திரத்தைத் தொடவே கூடாது. இரண்டுக்கு மேற்பட்ட பட்டியல்கள் இருந்தால் இச்சார்பையும் ஓரளவு கணக்கில் கொள்ளலாம். அம்முறையில்தான் ஐ.நா. அலுவலகம் 2022இல், பத்தாண்டுகளில் சிரியாவில் பொதுமக்கள் மட்டும் 3,06,887 பேர் கொல்லப்பட்டனர் என்று மதிப்பிட்டது. அவர்களில் 1,43,350 பேருக்கே விவரங்களுடன் கூடிய ஆவணம் உண்டு. பாதிக்கும் மேற்பட்டோர் கணிதத்தின் வழியாக மட்டுமே உலகத்தின் கணக்கில் இடம்பெற்றார்கள் என்பதை எண்ணும்போது எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

காஸாவுக்கு இதே முறையைக் கையாண்ட ஆய்வு 2025 ஜனவரியில் லான்செட்டில் வந்தது. மருத்துவமனைப் பட்டியல், இணையத்தில் உறவினர் நிரப்பிய படிவம், சமூக ஊடகங்களில் வந்த இரங்கல் குறிப்புகள் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு, 2024 ஜூன் 30 வரை காயங்களால் இறந்தோர் 64,260 பேர் என்றும், அது 55,298க்கும் 78,525க்கும் இடையில் இருக்கலாம் என்றும் கூறியது. அமைச்சகம் அந்நாள்வரை பதிந்திருந்தது 37,877. அதாவது, மிகைப்படுத்துவதாகப் பலர் குற்றம் சாட்டிய அமைச்சகம் உண்மையில் குறைவாகவே எண்ணியிருந்தது. மருத்துவமனைகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்துகொண்டிருந்த நிலையில் வேறென்ன நடக்க முடியும்? பின்னர் பாலஸ்தீன அரசியல் ஆய்வாளர் கலீல் ஷிகாகியின் நிறுவனத்தின் துணையுடன் 2,000 குடும்பங்களை நேரில் கேட்டு நடத்திய மற்றொரு ஆய்வு, 2025 ஜனவரி 5 வரை வன்முறை இறப்புகள் 75,200 என்றது. இடைவெளி 63,600 முதல் 86,800 வரை. அதை முன்னின்று நடத்தியவர், ஈராக் ஆய்வை அன்று கடுமையாக விமர்சித்த அதே மைக்கேல் ஸ்பகாட். எண் பெரிதா சிறிதா என்று பாராமல் முறையைப் பார்க்கும் ஆய்வாளரின் நேர்மைக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இம்முறை நமக்கு அயலானதும் அன்று. 2009 மே மாதம் முள்ளிவாய்க்கால் பகுதியில் இலங்கை இராணுவத்திடம் சரணடைந்து காணாமல்போனோரின் பெயர்ப் பட்டியல்களை, சிரியாவில் பணியாற்றிய அதே அமெரிக்கக் குழு, உண்மைக்கும் நீதிக்குமான சர்வதேசச் செயற்றிட்டத்துடன் இணைந்து 2018இல் ஒப்பிட்டு, அவர்கள் ஏறத்தாழ 500 பேர் என்று மதிப்பிட்டது. தமிழ் நாளிதழ்கள் இம்முறையை ஒருமுறையேனும் விரிவாக விளக்கியிருக்க வேண்டும்.

எனவே தங்களிடம் கேட்பது இதுதான். இனி இத்தகைய எண் ஒன்றை அச்சிடும்போது, அதை எண்ணியவர் யார், எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை, பெயர் பதிந்த தொகையா மதிப்பீடா, வன்முறையால் இறந்தவர்கள் மட்டுமா அல்லது நோயாலும் பசியாலும் இறந்தவர்களும் சேர்த்தா என்பதைச் சேர்த்தே எழுதுங்கள். மதிப்பீடு என்றால் அதன் கீழெல்லையையும் மேலெல்லையையும் விடாமல் தாருங்கள். இடப் பற்றாக்குறை என்று தலைப்பில் ஒற்றை எண்ணைப் போட நேர்ந்தாலும், செய்தியின் முதல் பத்தியிலேயே இவ்விவரங்கள் இடம்பெற முடியும். இரண்டு வரிக்கு மேல் ஆகாது. மேற்சொன்ன கட்டுரையில் 1,86,000 என்ற எண் லான்செட் ஆய்வின் முடிவு என்று குறிப்பிடப்பட்டிருப்பதற்கு ஒரு திருத்தமும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியர்,
திருச்சிராப்பள்ளி.