கடன் பேச்சுக்கு ஒரு கெடு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆப்பிரிக்க நாடுகளின் கடன் குறித்த தலையங்கம் படித்தேன். சாம்பியாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

2005-ல் அந்த நாட்டின் வெளிக்கடனில் பெரும்பகுதி தள்ளுபடி ஆனது. அடுத்த ஆண்டு ஏப்ரலிலேயே கிராமப்புற அரசு மருத்துவ நிலையங்களில் வாங்கிவந்த கட்டணத்தை சாம்பியா நீக்கியது. காய்ச்சலில் துவளும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய், வாசலில் காசு எண்ண வேண்டியதில்லை. கடன் தள்ளுபடி என்றால் என்ன என்று எனக்குப் புரியவைத்தது இதுதான்.

அப்புறம் கடன் மீண்டும் ஏறியது. இந்த முறை சீனாவிடமும், அந்த நாடு வெளியிட்ட டாலர் கடன் பத்திரங்களை வாங்கிய தனியாரிடமும். கொரோனாவும் சேர, 2020 நவம்பரில் வட்டித் தவணை கட்ட முடியவில்லை. ஏழை நாடுகளின் கடனைச் சீரமைக்க ஜி20 நாடுகள் வைத்த திட்டத்தில் 2021-லேயே விண்ணப்பித்தும், கடன் கொடுத்த அரசுகள் இறங்கிவர 2023 ஜூன் ஆயிற்று. பத்திரக்காரர்களோடு முடிய 2024. அந்த ஆண்டுதான் கடும் வறட்சி. மக்காச்சோளம் வயலிலேயே கருகியது. மின்சாரம் தரும் கரீபா அணையில் நீர் இறங்கி மணிக்கணக்கில் மின்வெட்டு. அங்கே தினசரிச் சாப்பாடான நிஷிமா, நம் களி மாதிரி, மக்காச்சோள மாவில் கிண்டுவது. அதற்கே தட்டுப்பாடு என்றால் யோசித்துப் பாருங்கள்.

கடன் பேச்சுக்குக் கெடு விதிக்க வேண்டும். பேச்சு முடியும் வரை தவணையை நிறுத்திவைக்க வேண்டும். தனியாரும் அரசுகளைப் போலவே விட்டுக்கொடுக்க வேண்டும். 2023 டெல்லி மாநாட்டில்தான் ஆப்பிரிக்க ஒன்றியம் ஜி20-ல் சேர்ந்தது. இந்த மூன்றையும் இந்தியா ஜி20-ல் விடாமல் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி