காரவள்ளி மலைப்பாதையில் பிரேக்கும் ஸ்டியரிங்கும் விட்டுப்போன பழைய காரை ஆய்வு செய்து அறிக்கை தரக் கோரும் நான்காவது மனு

அனுப்புநர்:
ஒரு மிளகு விவசாயி,
அரியூர்நாடு ஊராட்சி, கொல்லிமலை.

பெறுநர்:
உயர்திரு வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்கள்.

பொருள்: பழைய கார் விற்கும் கடையில் வாங்கிய 2009 மாடல் ஆம்னி வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் ஒருவர் நேரில் பார்த்து எழுத்தில் அறிக்கை தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே விஷயமாக இதற்கு முன் மூன்று மனு கொடுத்திருக்கிறேன். முதல் மனுவை நேரில் வந்து கொடுத்தேன். இரண்டாவதை ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். அட்டை கையெழுத்தாகித் திரும்பி வந்தது. மூன்றாவதைத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்று கொடுத்து ரசீது வாங்கினேன். அது ‘முடிக்கப்பட்டது’ என்று ஆன்லைனில் காட்டுகிறது. என்ன முடிந்தது என்று எனக்குத் தெரியவில்லை. வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது. யாரும் வந்து பார்க்கவில்லை. தங்கள் வேலைப்பளு எனக்குப் புரிகிறது. ஆனாலும் வேறு வழி இல்லாததால் மறுபடியும் எழுதுகிறேன். தயவுசெய்து கடைசி வரை படிக்க வேண்டுகிறேன்.

1. என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் நாமக்கல் அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ். அதற்காகத்தான் வண்டி வாங்கினேன். ஆம்னியைத் தேடி வாங்கியதற்கும் காரணம் உண்டு. பக்கவாட்டுக் கதவைத் தள்ளினால் குனியாமல் ஏறலாம், பின் சீட்டில் காலை மடக்கிப் படுத்துக்கொண்டே வரலாம். விலை 1,35,000 ரூபாய். மிளகுக்கு வாங்கிய முன்பணமும், அவளுடைய தோடும் மூக்குத்தியும், கூட்டுறவுக் கடனும் சேர்ந்த பணம் அது. 15 ஆண்டு முடிந்து, 2024-இல் ஐந்து ஆண்டுக்குப் பதிவு புதுப்பித்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. “எஃப்.சி. (தகுதி ஆய்வு) பார்த்து அஞ்சு வருஷம் புதுசா வந்திருக்கு, கண்ணை மூடிக்கிட்டு ஓட்டலாம்” என்று கடைக்காரர் சொன்னார். அரசாங்க முத்திரையைப் பார்த்துத்தான் நான் நம்பினேன் ஐயா, கடைக்காரரைப் பார்த்து அல்ல.

2. வாங்கிய இரண்டாவது வாரமே ஸ்டியரிங்கில் ப்ளே அதிகம் என்று தெரிந்தது. நாலு விரல் அளவு திருப்பிய பிறகுதான் சக்கரம் அசையும். பிரேக்கும் பஞ்சை மிதிப்பது போல இருந்தது. இரண்டு மிதி மிதித்தால்தான் பிடிக்கும். கடைக்குக் கொண்டுபோனேன். பிரேக் ஆயில் ஊற்றி, காற்று எடுத்து, “பழைய வண்டி இப்படித்தாங்க இருக்கும்” என்று அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகும் நான் ஓட்டியிருக்கக் கூடாது. ஆனால் செவ்வாய்க்கிழமை வந்துவிட்டதே, நான் என்ன செய்வது?

மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை. விடியற்காலை நாலரை மணிக்குக் கிளம்பினோம். தாங்கள் அந்தப் பாதையில் எத்தனையோ முறை ஏறி இறங்கியிருப்பீர்கள். 70 கொண்டை ஊசி வளைவு. இரண்டாவது கியரிலேயே இறங்கிக்கொண்டிருந்தேன். பாதி மலைக்குக் கீழே ஒரு வளைவில் பிரேக்கை மிதித்தேன், பெடல் தரையைத் தொட்டுவிட்டது. மறுபடி மிதித்தேன். ஒன்றும் இல்லை. ஹேண்ட்பிரேக்கை இழுத்துக்கொண்டே மலைச்சுவர்ப் பக்கம் ஒடித்தேன். அப்போது கீழே ‘டக்’கென்று ஒரு சத்தம். அதன் பிறகு ஸ்டியரிங் கையில் லேசாகிவிட்டது. இடது சக்கரம் ஒரு பக்கம் பார்க்கிறது, வலது சக்கரம் வேறு பக்கம் பார்க்கிறது. வண்டி ஓரத்து வாய்க்காலில் இறங்கிப் பாறையில் மோதி நின்றது. எதிர்ப்பக்கம் போயிருந்தால் இந்த மனுவை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

அன்று காய்கறி ஏற்றி இறங்கிய ஒரு வேன்காரர்தான் எங்களை ஏற்றிப்போனார். எங்கள் முறை தாண்டிவிட்டது. மறுநாள்தான் டயாலிசிஸுக்கு இடம் கிடைத்தது. அதில் மருத்துவமனையைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஓர் இரவு முழுக்க, உறவினர் வீட்டுத் திண்ணையில் என் மனைவி படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்தாள். படுத்தால் நெஞ்சில் தண்ணீர் அடைக்கிறது என்றாள்.

3. வண்டி இப்போது சேந்தமங்கலத்தில் ஒரு பட்டறையில் நிற்கிறது. மெக்கானிக் ஒவ்வொன்றாகக் கழற்றாமல், தொட்டு மட்டும் காட்டியது இது:

ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கிற இடது பக்க டை ராடு எண்டின் ரப்பர் கிழிந்து, உள்ளே மண்ணும் கிரீஸும் அப்பியிருக்கிறது. அதில் உள்ள தேய்ந்த பால் ஜாயிண்டை (உருண்டை மூட்டை) சுத்தியலால் தட்டி இறுக்கி மாட்டியிருந்திருக்கிறார்கள். நட்டுக்குப் போட வேண்டிய பின்னுக்குப் பதில் கட்டுக்கம்பி. பின்பக்கம் ஒரு சக்கரத்துக்குப் போகும் பிரேக் பைப்பைக் குறடால் நசுக்கி அடைத்திருக்கிறார்கள். அந்தச் சக்கரத்தில் பிரேக்கைத் தள்ளுகிற வீல் சிலிண்டரில் ஒழுக்கு இருந்திருக்கிறது, அதைச் சரிசெய்யாமல் ஆயிலே போகாதபடி செய்துவிட்டார்கள். அதாவது மூன்று சக்கர பிரேக்கோடுதான் நான் மலை இறங்கியிருக்கிறேன். பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரின் ரப்பரும் ஊதிப்போயிருக்கும் என்கிறார். ஆயில் கருப்பு. அடிப்பக்கம் முழுக்கப் புதுக் கருப்பு பெயிண்ட். விரலால் சுரண்டினால் துருப்பொடி கொட்டுகிறது.

சமதரையில் இது தெரியாதாம். கடைக்காரர் நாலுவழிச் சாலையில் ஓட்டிக் காட்டியபோது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மலை இறக்கத்தில் விடாமல் பிரேக் பிடிக்கப் பிடிக்கச் சூடு ஏறும். சாதாரணமாக ஊற்றுகிற டாட் 3 வகை பிரேக் ஆயில் புதிதாக இருந்தால் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் பைப்பில் ஆவி நிற்கும், ஆவியை மிதித்தால் அமுங்குமே தவிரச் சக்கரத்தைப் பிடிக்காது. இதை மெக்கானிக் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சமதரையில் பாஸாகிற வண்டி மலையில் ஆளைக் கொன்றுவிடும் என்பது எங்கள் மலைக்காரர்கள் எல்லோருக்கும் பொருந்தும். செம்மேட்டிலும் சோளக்காட்டிலும் ஓடுவதில் பாதி இப்படிச் செகண்ட் ஹாண்டில் வாங்கிய வண்டிகள்தான்.

4. ஐயா, மேலே சொன்னதை எல்லாம் விட எனக்குப் பெரிய கஷ்டம் இதுதான். இப்போது என் மனைவி பஸ்ஸில் போகிறாள்.

போகும்போது பரவாயில்லை. திரும்பும் பயணத்தைத்தான் சொல்ல வேண்டும். நாலு மணி நேரம் இயந்திரத்தில் இருந்து எழுந்தால் அவளுக்கு ரத்த அழுத்தம் இறங்கிவிடும். கண் இருட்டும். கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும். அந்த நிலையில் பஸ் நிலையத்துக்கு வந்து, சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி வரை உட்கார இடம் கிடைத்தால் உண்டு. டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக இடது கையில் ரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா வைத்திருக்கிறார்கள். அந்தக் கையால் கம்பியைப் பிடிக்கக் கூடாது, பாரம் தாங்கக் கூடாது, யாரும் இடிக்கவும் கூடாது. வலது கையால் மட்டும் பிடித்துக்கொண்டு 70 வளைவு. ஒவ்வொரு வளைவிலும் கூட்டம் மொத்தமும் ஒரு பக்கம் சாயும். நான் அவளுடைய இடது பக்கம் நின்று இரண்டு கையையும் கம்பியில் கொடுத்து வேலி மாதிரி மறித்துக்கொள்வேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுற்றுலா வருபவர்களும் ஏறிவிட்டால் அதுவும் முடியாது.

வாந்தி வரும். வாந்தி எடுத்தால் தண்ணீர் குடிக்கத் தோன்றும். ஆனால் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் எதுவும் குடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அதில் காபியும் ரசமும் அடக்கம். வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டுச் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

மாசி மாதம் ஒரு நாள், ஏறும்போது ஒரு வளைவில் பின்னால் இருந்த மூட்டை சரிந்து அவள் கையில் விழுந்தது. ஊசி குத்திய இடத்தில் கட்டு நனைந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே துண்டும் நனைந்துவிட்டது. டிரைவர் பஸ்ஸை ஓரமாக நிறுத்தினார். நான் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். இருபது நிமிடம் பஸ்ஸில் ஒருவரும் பேசவில்லை. கண்டக்டர் தன் சீட்டை விட்டுக்கொடுத்து நின்றுகொண்டே வந்தார். அவர்களுக்கெல்லாம் இருக்கிற இரக்கம், நான் மனு கொடுத்த இடத்தில் ஏன் கிடைக்கவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. இப்படிக் கேட்பதற்கு மன்னிக்க வேண்டும். ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

போன வாரம் அவள் என்னிடம், “வாரத்துக்கு ஒரு தடவை போனா போதாதா?” என்று கேட்டாள். போதாது என்று அவளுக்கே தெரியும்.

5. வண்டியைச் சரிசெய்துகொள்ள வேண்டியதுதானே என்று முதல் மனு கொடுத்தபோது கவுன்ட்டரில் கேட்டார்கள். கடன் வாங்கியாவது செய்துவிடுவேன். ஆனால் டை ராடு எண்டை மாற்றிவிட்டால், நசுக்கிய பைப்பைக் கழற்றிவிட்டால், அப்புறம் என்னிடம் சாட்சி என்று எது இருக்கும்? மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் இல்லாமலே வழக்குப் போடலாம், இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், ஆனால் வண்டியில் என்ன கோளாறு என்று ஆய்வாளர் எழுதிய அறிக்கை வேண்டும் என்று வக்கீல் சொல்கிறார். அந்த அறிக்கைக்காகத்தான் வண்டியைத் தொடாமல் வைத்திருக்கிறேன். அது வரும்வரை ஓட்டவும் முடியாது, விற்கவும் முடியாது, வழக்கும் போட முடியாது.

6. இது தனியாருக்கும் தனியாருக்கும் இடையிலான வியாபாரம், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று ஒரு முறை வாய்மொழியாகப் பதில் வந்தது. சம்பந்தம் இருக்கிறது ஐயா. மத்திய மோட்டார் வாகன விதி 98, ஸ்டியரிங்கில் 30 டிகிரிக்கு மேல் ப்ளே இருக்கக் கூடாது, பால் ஜாயிண்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும், பின் போட்டுப் பூட்டியிருக்க வேண்டும் என்கிறது. என் வண்டியில் இந்த மூன்றுமே சரியில்லை. 15 ஆண்டு தாண்டிய வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கும்போது அதைப் பார்த்துத்தானே கையெழுத்துப் போட வேண்டும்? பழைய வண்டி விற்பவர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும் என்று 1-4-2023 முதல் விதி இருக்கிறது. அந்தக் கடையில் கேட்டேன், காட்டவில்லை.

புதுப்பித்த அலுவலகம் வேறு மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே யாரையும் நான் குற்றம் சொல்லவில்லை. ஆய்வின்போது நல்ல பாகத்தை மாட்டிக் காட்டிவிட்டுப் பிறகு மாற்றினார்களோ என்னவோ. எது நடந்தது என்று கண்டுபிடிப்பது என்னால் ஆகிற காரியமா?

இன்னொன்று. மோட்டார் வாகனச் சட்டம் 190-வது பிரிவில், கோளாறுள்ள வண்டியை ஓட்டியதற்காக என் மேல் 1,500 ரூபாய் அபராதம் போட இடம் இருக்கிறதாம். விபத்தில் யாருக்காவது காயம் என்றால் மூன்று மாதம் ஜெயில் வரை போகுமாம். போடுங்கள் ஐயா. கட்டிவிடுகிறேன். அந்த வழக்குக்காகவாவது ஓர் ஆய்வாளர் வந்து வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கட்டும்.

7. நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. அரை மணி நேர வேலை. மோட்டார் வாகன ஆய்வாளர் ஒருவரைச் சேந்தமங்கலம் பட்டறைக்கு அனுப்பி, பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் பார்த்து, கண்டதைக் கண்டபடி எழுதிக் கையெழுத்திட்டு ஒரு நகல் எனக்குத் தர வேண்டும். அதன் நகலைப் பதிவு புதுப்பித்த அலுவலகத்துக்கும் தாங்களே அனுப்பி, அந்தக் கடைக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

8. முடிந்தால் மாதம் ஒரு நாள் காரவள்ளி அடிவாரத்தில் பழைய வண்டிகளுக்கு பிரேக், ஸ்டியரிங் பார்க்கும் முகாம் நடத்த வேண்டும். அபராதம் போடாமல் கோளாறை மட்டும் சொன்னால் எங்கள் ஆட்கள் வண்டியை மறைக்காமல் கொண்டுவருவார்கள். ஆடி 18-க்கு வல்வில் ஓரி விழா வரும். அப்போது மலையில் எவ்வளவு வண்டி ஏறும் என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இது பிறகு. முதலில் என் வண்டியைப் பாருங்கள்.

9. பட்டறைக்காரர் இந்த மாதக் கடைசிக்குள் வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டார். வெயிலிலும் மழையிலும் நின்று துரு ஏறிக்கொண்டிருக்கிறது. இன்னும் இரண்டு மாதம் போனால் எது பழைய துரு எது புதுத் துரு என்று ஆய்வாளராலும் சொல்ல முடியாது. தயவுசெய்து ஒருவரை அனுப்புங்கள் ஐயா. பதில் இல்லை என்பதை மட்டும் நான்காவது முறையும் தாங்க என்னால் முடியாது.

ஆர்.சி. புத்தக நகல், கடைக்காரர் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டு, வண்டியின் படங்கள், முந்தைய மூன்று மனுக்களின் நகல் ஆகியவற்றை இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஆய்வாளர் எந்த நாள் வருவார் என்று தெரிவித்தால் காலையிலேயே வந்து பட்டறையில் காத்திருப்பேன். செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வேண்டாம். அந்த இரண்டு நாளும் நாங்கள் பஸ்ஸில் இருப்போம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
மனுதாரர்,
அரியூர்நாடு, கொல்லிமலை.