உன் பக்கத்தைப் பிரித்துவிட்டேன்

அன்பு நண்பா,

இங்கே எல்லாரும் நலம். பதில் போடாமல் இழுத்தடித்ததற்கு நீ திட்டப்போகிறாய், தெரியும். அதை அடுத்த கடிதத்துக்கு வைத்துக்கொள். இப்போது ஒரு செய்தி சொல்லியாக வேண்டும். தாடிக்காரர் வாயால் நீ கேள்விப்படுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: மூலக் கோப்புகளை நிரலாகத் தொகுக்கும் நம் கருவியின் ஆவணத்தில் நீ எழுதிய அந்த மகா பெரிய ‘அமைப்புகள்’ பக்கம் இப்போது இல்லை. பல பக்கங்களாகப் பிரித்துவிட்டேன்.

கத்தாதே, முழுக்கப் படி. நீ விட்டுப்போனபோது அது நல்ல பக்கம்தான். அப்புறம் வந்தவர்கள், எங்கே போடுவது என்று தெரியாத எல்லாவற்றையும் அதன் வாலில் ஒட்டிக்கொண்டே போனார்கள். ப்ராக்ஸிக்குப் (இணையத்துக்கு இடையில் நிற்கும் சர்வருக்குப்) பின்னால் இருப்பவர் என்ன செய்ய வேண்டும், விண்டோஸில் கோப்புறைப் பெயரில் இடைவெளி இருந்தால் என்ன ஆகும், கேஷை (சேமித்து வைத்த பழைய முடிவுகளை) எப்படிக் காலி செய்வது, எல்லாம் அங்கேதான். ‘மற்றவை’ என்று ஒரு தலைப்பு. அதற்குக் கீழே ‘மேலும் சில’ என்று இன்னொன்று. அதை யார் வைத்தது என்று, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் வரலாற்றில் தேடிப் பார்த்தேன். நம் ராத்திரி ஆந்தைதான். வேறு யார்?

புதிதாக வந்த ஒருவர், சிக்கல்களைப் பதியும் இஷ்யூ பகுதியில் எழுதியிருந்தார்: முதல் கட்டளையே ஓடவில்லை, ஒருவேளை இதற்கெல்லாம் எனக்கு அறிவு போதாதோ என்று. படித்ததும் சுருக்கென்றது. அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. அந்தக் கட்டளை ஓடத் தேவையான ஒரே ஒரு வரி, உன் பக்கத்தில் முக்கால்வாசி தாண்டிக் கிடந்தது. இவராவது எழுதினார். எழுதாமலே மூடிவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்று நமக்குத் தெரிய வழியே இல்லை. அதற்கப்புறம்தான் கை வைத்தேன்.

‘நாலு பெட்டி வித்தையா?’ என்று கேட்பாய். ஆமாம், அதேதான். ஆவணங்களை நாலு வகையாகப் பிரிக்க டானியேல் ப்ரோசிடா வகுத்த டயடாக்சிஸ் முறை. கற்றுக்கொள்ள வருபவருக்குப் பாடம், வேலையின் நடுவில் இருப்பவருக்குச் செய்முறை, ஒரு தகவலைத் தேடுபவருக்கு உசாத்துணை, ஏன் இப்படி என்று யோசிப்பவருக்கு விளக்கம். நீ அன்றைக்குக் கிண்டல் செய்தது பாதி நியாயம். நாலு காலித் தலைப்புகளை முதலில் நட்டுவிட்டு நிரப்ப ஆள் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள் என்று அதை வகுத்தவரே எச்சரிக்கிறார். நான் பெட்டிகளைப் பற்றி யோசிக்கவில்லை. உன் பக்கத்தின் ஒவ்வொரு பத்தியையும் எடுத்து, இதைப் படிக்கும்போது ஒருவர் என்ன செய்துகொண்டிருப்பார் என்று மட்டும் கேட்டேன். முக்கால்வாசிப் பத்திகள் தாமாக ஓரிடத்துக்குப் போய்விட்டன. மீதியில் பாதியை, யாருக்காக எழுதியது என்று எழுதியவராலேயே சொல்ல முடியவில்லை. அவற்றைத் தூக்கிவிட்டேன். அதில் உன்னுடையது குறைவு. நிம்மதியா?

ஒரு விஷயத்தில் மட்டும் உனக்குக் கும்பிடு போட வேண்டும். கேஷ் பற்றிய பகுதியின் நடுவில், அடைப்புக்குறிக்குள், பழைய தொகுப்புக் கருவியான மேக் மேல் ஒரு பெரிய புலம்பல் எழுதி வைத்திருந்தாயே, நினைவிருக்கிறதா? 1976-இல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் பெல் ஆய்வகத்தில் மேக்கை எழுதியபோது, கோப்பு கடைசியாக மாறிய நேரத்தைப் பார்த்து முடிவெடுப்பது போதுமானதாக இருந்தது. ஆனால் கிட் அந்த நேரத்தைச் சேமித்து வைப்பதில்லை. வேறொரு கிளைக்குப் போய்த் திரும்பி வந்தால் உள்ளடக்கம் அப்படியே இருக்கும், நேரம் மட்டும் புதிதாகியிருக்கும். அதனால் தேவையே இல்லாமல் எல்லாம் மறுபடி பில்ட் ஆகும், அதாவது தொகுக்கப்படும். அதற்காகத்தான் நாம் உள்ளடக்கத்தின் ஹாஷை (அதிலிருந்து கணக்கிடும் கைரேகை மாதிரியான ஒரு எண்ணை) பார்க்கிறோம் என்று. அந்த அடைப்புக்குறியை யாரும் படிக்கவில்லை. போன ரிலீஸுக்கு முன்னால் ஒருவர், ஹாஷ் கணக்கிடுவது மெதுவாக இருக்கிறது, நேரத்தைப் பார்த்தால் வேகமாகிவிடும் என்று அழகான ஒரு புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளும்படி வேண்டுகோள்) அனுப்பினார். அவர் அளந்து காட்டிய வேகமும் உண்மைதான். தாடிக்காரர் அதை மெர்ஜ் செய்து சேர்த்துக்கொள்ள ஒரு விரல் தூரத்தில் இருந்தார்! உன் புலம்பலைத் தேடி எடுத்து ஒட்டினேன். அனுப்பியவரே மன்னிப்புக் கேட்டு மூடிவிட்டார்.

இப்போது அது தனிப் பக்கம். தலைப்பே ‘நேரத்தை ஏன் நம்புவதில்லை’. வசவுகளை மட்டும் கொஞ்சம் குறைத்தேன். நிரல் குறியீட்டைப் படித்தால் என்ன செய்கிறது என்று தெரிந்துவிடும். ஏன் அப்படிச் செய்கிறது என்பதைப் பல சமயம் எழுதினவர்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரியவர் ஒதுங்கிப்போனது உனக்குத் தெரியும்தானே? ஒரே கேள்விக்குத் திரும்பத் திரும்பப் பொறுமையாகப் பதில் சொல்லிச் சொல்லியே மனிதர் களைத்துவிட்டார். அந்தப் பதில்கள் எல்லாம் மூடப்பட்ட இஷ்யூக்களுக்குள் கிடக்கின்றன. எவ்வளவு நல்ல பதில்கள் தெரியுமா? அவற்றைத் தோண்டித் தோண்டித்தான் பாதிச் செய்முறைகளை எழுதினேன். அவர் இருக்கும்போதே யாராவது இதைச் செய்திருந்தால் அவர் இன்னும் நம்மோடு இருந்திருப்பாரோ என்னவோ.

சரி, இனி என் தலைவலியைக் கேள். பிரித்து எழுதியதெல்லாம் சுகமான வேலை. முகவரிகள்தான் உயிரை வாங்கின. நல்ல முகவரி மாறக்கூடாது என்று டிம் பெர்னர்ஸ்-லீ 1998-லேயே எழுதிவிட்டார். நாமும் தலையாட்டிவிட்டு எல்லாவற்றையும் மாற்றுகிறோம். ஒரு பக்கம் இடம் மாறினால் ‘நிரந்தரமாக இடம் மாறியது’ என்னும் 301 போட்டு வழியனுப்பலாம், அது கஷ்டமில்லை. ஆனால் உன் பக்கத்தை உலகம் முழுக்கச் சுட்டியவர்கள் வெறும் பக்கத்தைச் சுட்டவில்லை. ஹாஷ் குறி (#) போட்டு, பக்கத்துக்குள் இருக்கும் தலைப்பைச் சுட்டியிருக்கிறார்கள். முகவரியில் ஹாஷ் குறிக்குப் பின்னால் வருவதை உலாவி சர்வருக்கு அனுப்புவதே இல்லை. கேட்டவர் ப்ராக்ஸி பகுதிக்கு வந்தாரா கேஷ் பகுதிக்கு வந்தாரா என்று சர்வருக்குத் தெரியாது. அது எங்கே வழியனுப்பும்?

இதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. ‘பிழைச் செய்தியிலேயே ஆவணத்தின் சுட்டியைக் கொடுப்போம்’ என்று ஒருவர் யோசனை சொல்லி, நாம் எல்லாரும் கைதட்டினோமே, அந்த ஒருவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. யோசனை நல்லதுதான், இன்றைக்கும் நல்லதுதான். ஆனால் பழைய ரிலீஸ்கள் எத்தனையோ கணினிகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு பிழைக்கும் அவை உன் பக்கத்துக்குள் இருக்கும் ஒரு தலைப்பைக் காட்டுகின்றன. வெளியே போய்விட்ட பைனரியைத் திருத்த முடியுமா? ஏற்கெனவே பிழையில் மாட்டி எரிச்சலில் இருப்பவரைக் கூட்டிக்கொண்டு போய் ‘பக்கம் இல்லை’ என்னும் 404 முன்னால் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் என்ன செய்தேன் என்றால், வீடு மாறியவர் பழைய கதவில் புது முகவரியை எழுதி ஒட்டுவது போல, உன் பக்கத்தின் முகவரியை அப்படியே வைத்து, உள்ளே பழைய தலைப்புகளை மட்டும் வரிசையாக விட்டிருக்கிறேன். ஒவ்வொன்றின் கீழும், இது இப்போது எங்கே இருக்கிறது என்று ஒரு வரி, ஒரு சுட்டி. உலாவியில் ஓடும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் ஹாஷ் குறியைப் பார்த்து நேராகவே அனுப்பிவிடும். ஸ்கிரிப்ட்டை முடக்கி வைத்திருப்பவருக்கு அந்த ஒரு வரி இருக்கிறது. புதுப் பக்கங்களில் தலைப்பின் அடையாளத்தை நாமே கையால் எழுதி நிலையாக வைக்கிறோம். முன்பு அது தலைப்பிலிருந்து தானாக உருவாகும். யாராவது ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினாலே சுட்டி செத்துவிடும்.

உசாத்துணையை நிரல் குறியீட்டிலிருந்தே உருவாக்கலாம் என்று எல்லாரும் ஒற்றைக்காலில் நின்றார்கள். உருவாக்கினோம். வந்ததைக் கேள்: ‘ஸ்ட்ரிக்ட்: ஸ்ட்ரிக்ட் முறையை இயக்கும்.’ ‘டைம்அவுட்: டைம்அவுட்டின் அளவு.’ விநாடியா, மில்லி விநாடியா, எழுதாவிட்டால் என்ன மதிப்பு, எல்லை தாண்டினால் கருவி நிற்குமா தொடருமா, ஒன்றும் கிடையாது. விருப்பங்களின் பெயரும் இயல்பு மதிப்பும் குறியீட்டிலிருந்து வரட்டும், அது பொய் சொல்லாது. விளக்கத்தை மனிதர்தான் எழுத வேண்டும் என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது.

எடுத்துக்காட்டுகள் விஷயத்தில் மட்டும் சண்டையே இல்லாமல் ஜெயித்தேன். ஆவணத்தில் இருக்கும் எடுத்துக்காட்டை ஓட்டிச் சோதிப்பது பைதான் நிரல்மொழியில் டாக்டெஸ்ட் வழியாக 2001-இலிருந்தே உண்டு. ரஸ்ட் மொழியில் கார்கோ டெஸ்ட் என்று தட்டினாலே குறிப்புகளுக்குள் இருக்கும் நிரல் குறியீடும் சேர்ந்து ஓடும். நமக்கு ஏன் இத்தனை காலம் தோன்றவில்லை? இப்போது பாடத்தில் வரும் ஒவ்வொரு கட்டளையும் ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டிலும் ஓடுகிறது. உடைந்தால் மெர்ஜ் ஆகாது. முதல் தடவை ஓட்டியபோது எத்தனை சிவப்பு, அதாவது தோல்வி, என்று சொல்ல மாட்டேன், உன் மனம் நோகும்.

ஆனால் சோதனையால் உரைநடையைக் காப்பாற்ற முடியாது, அதுதான் என் கவலை. கட்டளை ஓடும், மேலே இருக்கும் பத்தி மூன்று ரிலீஸுக்கு முந்தைய நடத்தையைச் சொல்லிக்கொண்டிருக்கும். கிட்ஹப் தளம் 2017-இல் திறமூல நிரலர்களிடையே நடத்திய கணக்கெடுப்பில், அரைகுறையான, காலாவதியான ஆவணங்களைத் தாங்கள் சந்தித்ததாகச் சொன்னவர்கள் 93 விழுக்காடு. பங்களிப்பவர்களில் 60 விழுக்காட்டினர் ஆவணத்துக்கு எப்போதாவதுதான் பங்களிப்பார்கள் அல்லது பங்களிப்பதே இல்லை. நம் கூட்டத்தை நினைத்தால் அந்த 60 எனக்குக் குறைவாகத்தான் தோன்றுகிறது. ‘ஆவணத்தைப் புதுப்பித்தேன்’ என்று ஒரு கட்டம் வைத்தோம். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு டிக் போடுகிறார்கள். இப்போது தாடிக்காரரோடு அதற்குத்தான் மல்லுக்கட்டு. நடத்தையை மாற்றும் எதுவும் அதே புல் ரிக்வெஸ்ட்டில் பக்கத்தையும் மாற்றாமல் உள்ளே வரக்கூடாது என்கிறேன். புதியவர்கள் பயந்து ஓடிவிடுவார்கள் என்கிறார் அவர். அவர் சொல்வதிலும் ஞாயம் இல்லாமல் இல்லை. அதனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு ஆளைப் பொறுப்பாக்கியிருக்கிறேன். புதியவர் எழுதத் தயங்கினால் அந்த ஆள் எழுதிக் கொடுப்பார். ஆள் கிடைக்காத பக்கத்தை நீக்கிவிடுவது என்றும் முடிவு. பொய் சொல்லும் பக்கம் இருப்பதைவிடப் பக்கமே இல்லாதது மேல் என்று எனக்குப் படுகிறது. உனக்கு மாற்றுக் கருத்து இருக்கும். எழுது, சண்டை போடலாம்.

இப்போது உன்னிடம் ஒரு வேலை. உன் பக்கத்தில் மூன்று இடங்களை எங்கே வைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை, ஏனென்றால் அவை ஏன் அங்கே இருக்கின்றன என்பதே தெரியவில்லை. ஒன்று, கேஷ் கோப்புறையை நெட்வொர்க் டிரைவில் வைக்காதே என்று தடித்த எழுத்தில் இருக்கிறது, காரணம் இல்லை. கோப்பைப் பூட்டும் லாக் சிக்கலா, வேகமா, வேறு ஏதாவதா? இரண்டு, ‘ஸ்ட்ரிக்ட்’ ஏன் இயல்பாக அணைந்திருக்கிறது? அதை இயக்கி வைக்கச் சொல்லி வாரம் ஒருவர் கேட்கிறார். மூன்று, கடைசிப் பத்தியில் ‘இந்த வரிசையை மாற்றாதீர்கள், நான் பட்டிருக்கிறேன்’ என்று எழுதியிருக்கிறாய். எதன் வரிசையை, என்ன பட்டாய்?

ஒவ்வொன்றுக்கும் நாலு வரி போதும், நடையை நான் பார்த்துக்கொள்கிறேன். அடுத்த ரிலீஸுக்குள் வந்தால் விளக்கப் பகுதியில் சேர்த்துவிடலாம். வராவிட்டால் மூன்றாவதைத் தூக்கிவிடுவேன், சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
உன் பழைய எதிரி