என் மூக்குக்குத் துணை நின்றவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

தனித்தனியாக நன்றி சொல்லிவிட்டேன்தான். ஆனால் நீங்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள். மற்றவர் எனக்கு என்ன செய்தார் என்பது உங்களில் யாருக்கும் முழுதாகத் தெரியாது. அதற்காகத்தான் இந்தப் பொது மடல்.

சென்ற ஆண்டு ஒரு சளிக்காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு வாசனையே தெரியாமல் போனது. மூக்கடைப்பு இல்லை, வலி இல்லை, வாசனை மட்டும் காணோம். தானாகச் சரியாகிவிடும் என்று இரண்டு மாதம் வீணாக்கிவிட்டுத்தான் டாக்டரிடம் போனேன். மருந்துச் சீட்டில் அவர் எழுதியது நான்கு பெயர்கள்: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். காலையும் மாலையும் ஒவ்வொன்றின் எண்ணெயையும் சில நொடிகள் முகர வேண்டும், குறைந்தது 12 வாரம். ஜெர்மனியில் தாமஸ் ஹும்மல் குழுவினர் 2009-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து பரவிய பயிற்சி இது என்றார். "ஒன்றுமே தெரியவில்லை என்றால் எதை முகர்வது?" என்று கேட்டேன். "தெரியாவிட்டாலும் அது எப்படி இருந்தது என்று நினைத்துக்கொண்டே முகருங்கள்" என்றார். பொய்யான உறுதி எதுவும் தராமல் இதை மட்டும் சொல்லி அனுப்பினீர்கள் டாக்டர். முதல் நன்றி உங்களுக்கு.

ரோஜாவை நினைக்கச் சொன்னால் எனக்குப் பூ நினைவுக்கு வராது, ழான் பட்டூ என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் 'ஜாய்' சென்ட்தான் வரும். 20 வருடம் அதைத்தான் போட்டேன். ஆன்ரி அல்மெராஸ் உருவாக்கி 1930-ல் வெளிவந்தது. 30 மில்லிக்கு 10,600 மல்லிகைப் பூக்கள், 28 டஜன் ரோஜாக்கள் என்று அதன் விளம்பரமே பூக்கணக்கு சொல்லும். 2018-ல் எல்விஎம்ஹெச் என்ற ஆடம்பரப் பொருள் குழுமம் பட்டூவை வாங்கியது. அதே ஆண்டு அந்தக் குழுமத்தின் டியோர் நிறுவனம் 'ஜாய்' என்ற பெயரில் முற்றிலும் வேறொரு சென்டை வெளியிட்டது. பழையது நின்றுபோனது. என்னிடம் இருந்தது காலி பாட்டில்.

சரி, பழைய பாட்டில் ஒன்றைத் தேடிப் பிடிப்போம் என்று இறங்கினேன். வாசனை தெரியாதவள் பழைய சென்ட் வாங்கக் கிளம்பிய கதை இது. சிரித்துக்கொள்ளுங்கள். ஒரு விற்பனையாளர் அனுப்பியதை ஆவலாகத் திறந்து மணிக்கட்டில் பூசிக்கொண்டேன். அக்கா அறைக்குள் வந்ததும் கேட்டாள்: "நெயில் பாலிஷ் போடுகிறாயா?" வெயிலிலோ விளக்கடியிலோ பல வருடம் கிடந்து கெட்டுப்போன சரக்கு. பணம் திரும்பி வரவில்லை.

அப்புறம்தான் நான் நேரில் பார்த்தே இராத நீங்கள் வந்தீர்கள். அட்டைப்பெட்டியோடு இருட்டு அலமாரியில் வைத்துக் காப்பாற்றிய உங்கள் பாட்டிலிலிருந்து 2 மில்லி எடுத்து, சின்னக் குப்பியில் அடைத்து, பஞ்சு சுற்றி அனுப்பினீர்கள். காசு வாங்க மறுத்தீர்கள். இனி கிடைக்காத ஒன்றிலிருந்து 2 மில்லி என்றால் என்ன என்பது சென்ட் பிரியர்களுக்குப் புரியும்.

ரோஜா எண்ணெய்க்குப் பதில் ஜாயை முகர டாக்டர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆய்வில் ரோஜாவுக்காக வைத்தது ஃபீனைல் எதில் ஆல்கஹால் என்ற ஒரே பொருள், சென்டோ கலவை, பயிற்சிக்கு ஆகாது என்றார். அதனால் தினமும் நான்கு எண்ணெய்கள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஜாய்.

அந்த ஞாயிறுகள் அக்காவுடையவை. காகிதத் துண்டில் ஒரு சொட்டு வைப்பாள். நான் முகர்வேன், ஒன்றும் இருக்காது. அவள் முகர்ந்து சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொள்வேன். "முதலில் சோப்பு நுரை மாதிரி ஒரு பளிச். இப்போது ஜாதிமல்லி, வாடத் தொடங்கிய ஜாதிமல்லி." ரோஜா எங்கே என்று கேட்டேன். "அது பின்னால் நிற்கிறது. வரும், இரு." எனக்குக் கோபமே வந்தது. 20 வருடமாக ரோஜா சென்ட் என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததை, ஒரு நாளும் சென்ட் போடாதவள் மல்லிகை என்கிறாள்! அரை மணி கழித்து, மெதுவாக, "இப்போது வந்துவிட்டது" என்றாள். அவள் முகத்தைப் பார்த்துத்தான் ரோஜாவைத் தெரிந்துகொண்டேன்.

ஒன்பதாவது வாரம் கிராம்பு திரும்பியது, கருகிய ரப்பராக. வாசனை மீளும்போது பலருக்கு இப்படித் திரிந்து தெரியும், பாரோஸ்மியா என்று பெயர் என்றார் டாக்டர். அடுத்து ஜாய் திரும்பியது, அந்துருண்டையாக! அழாத குறை. மணப்பொருள் வேதியியல் படித்த நண்பரே, அன்றிரவு நீங்கள் பொறுமையாக விளக்காவிட்டால் குப்பியை வீசியிருப்பேன். மல்லிகையில் இந்தோல் என்ற பொருள் இருக்கிறது, செறிவாக இருந்தால் அந்துருண்டை போலத்தான் வீசும், நீ முகர்ந்தது மல்லிகையின் ஒரு மூலை என்றீர்கள். அக்கா சொன்னது சரி என்பதும் அப்போதுதான் உறைத்தது.

ரோஜாவுக்கு ஐந்தாவது மாதம் வரை காத்திருந்தேன். அதுவும் பயிற்சி நேரத்தில் வரவில்லை. குறிப்பு நோட்டைத் திறந்தேன். இரண்டு நாள் முன்பு அடையாளத்துக்குச் செருகிய காகிதத் துண்டு கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தபோது தேன் மாதிரி, கொஞ்சம் எலுமிச்சைத் தோல் மாதிரி. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அக்காவுக்குப் போன் செய்தேன். "பின்னால் நிற்கிறது என்று சொன்னேனே" என்றாள்.

குப்பியில் இன்னும் அரை மில்லி இருக்கிறது. ஞாயிறுகளில் இப்போது நானும் சொல்கிறேன், அவளும் சொல்கிறாள், பாதி நேரம் ஒத்துப்போவதில்லை. கிராம்பு மட்டும் இன்றுவரை ரப்பர்தான்.

நன்றியுடன்,
உங்கள் தோழி