வரைபடம் படிக்கவும் உதவித்தொகை

ஐயா,

அமெரிக்காவில் மில்வாக்கி நகரின் விஸ்கான்சின் பல்கலைக்கழக நூலகம், தன்னிடமுள்ள பழைய வரைபடங்களை ஆராய வருவோருக்கு உதவித்தொகை தருகிறது. அமெரிக்கப் புவியியல் கழகத்தின் சேகரிப்பு 1978இல் நியூயார்க்கிலிருந்து அங்கே போனது. பத்து லட்சத்துக்கும் மேலான வரைபடங்கள், நூல்கள், படங்கள்!

நில அளவையில் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவன் நான். 1802இல் லாம்டன் என்ற ஆங்கிலேய நில அளவை அதிகாரி, நாட்டை அளக்கும் வேலைக்கு அடிப்படையான ஆதாரக் கோட்டைப் பரங்கிமலை அருகே அளந்த மண் இது. நம் பல்கலைக்கழக நூலகம் ஒன்றும் இப்படித் தொடங்கலாமே? பெரிய தொகை வேண்டாம். ஆய்வாளர் இரண்டு மாதம் தங்க ஓர் அறை, சாப்பாட்டுச் செலவு, அப்புறம் வரைபடத்தை மடிக்காமல் விரிக்க அகலமான மேசை (இதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்). பழைய புலப்படம் (நிலத்தின் எல்லையும் அளவும் காட்டும் படம்) படிக்கத் தெரிந்த கிழவர்கள் இன்னும் இருக்கிறோம். கூப்பிட்டால் காசு கேட்காமல் வந்து சொல்லித் தருவோம்.

ஓய்வு பெற்ற நில அளவர்,
செங்கல்பட்டு